பத்து வயது குறைய

நாற்பத்திரண்டு ஒன்றும் பெரிய வயதில்லை என்று வெளியே யார் வேண்டுமானாலும் சொல்லலாம். எங்கள் ஆபிசுக்குள் வந்து சொல்லட்டும், பார்ப்போம். இலஞ்சி போகிற சாலையில், முன்பு ரைஸ்மில் இருந்த இடத்தில், கண்ணாடி வைத்துக் கட்டிய மூன்று மாடி. சென்னைக் கம்பெனிக்காரன் ஒருவன் ஊர்ப்பிள்ளைகளுக்கு ஊரிலேயே வேலை என்று திறந்தது. உள்ளே அறுபது பேர். என்னைக் கழித்துவிட்டால் எல்லாரிலும் மூத்தது இருபத்தொன்பது வயது. என் டீம் லீடர் மஞ்சுவுக்கு இருபத்தேழு. அவர்களுக்குள் எல்லாரும் எல்லாருக்கும் ‘ப்ரோ’. எனக்கு மட்டும் ‘அண்ணாச்சி’. மளிகைக் கடையில் கடலைப்பருப்பு கேட்கிற அதே குரலில்.

பட்டாளத்தில் பதினேழு வருடம் சிக்னல் பிரிவில் இருந்துவிட்டு ஹவில்தாராக வெளியே வந்தவன் நான். வந்ததும் ஒரு பேங்க் வாசலில் துப்பாக்கியோடு இரண்டு வருடம் நின்றேன். நிற்பதுதான் அங்கே வேலை. வருகிறவன் பைக்கை எங்கே நிறுத்துவது என்று கேட்பான், பேனா இருக்கா என்று கேட்பான். ஒருவன்கூடப் பெயர் கேட்டதில்லை. அப்படி நின்றுகொண்டே கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்து, இன்டர்வியூவில் ஹிந்தி பேசிக் காட்டி, இந்த வேலையை வாங்கினேன். வடநாட்டு வாடிக்கையாளர்களின் புகாரைப் போனில் கேட்டுத் தீர்த்து வைக்கும் வேலை. ஆறு மாதம் ப்ரொபேஷன். கன்ஃபர்ம் செய்தால் நாற்காலி, இல்லாவிட்டால் திரும்பவும் வாசல். மூன்றாவதாக ஒன்று எனக்கு இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஐந்தாம் மாதம் ஹெச்.ஆர். செந்தில்வேல் கூப்பிட்டார். இருபத்தொன்பது வயதுக்காரர் அவர்தான். சென்னையிலிருந்து வந்தவர். மரியாதை தெரிந்த பையன், அதுதான் அவரிடம் கஷ்டம்.

“சார், உங்க வொர்க்ல குறையே இல்ல. ஆனா டீமோட ஒட்டாம தெரியறீங்க. அடுத்த மாசம் பெங்களூர் கிளையண்ட் நேர்ல வர்றாங்க. அவங்க அக்கவுண்ட்ட நீங்கதான் பாக்குறீங்க, நீங்கதான் ப்ரசன்ட் பண்ணணும். கொஞ்சம் ஸ்டைலா, யங்கா வந்தீங்கன்னா நல்லாருக்கும். அது முடிஞ்சதும்தான் உங்க கன்ஃபர்மேஷன் பேப்பரை அனுப்புவேன்.”

வயதைக் குறைத்துக்கொண்டு வா என்பதை இதைவிடப் பக்குவமாகச் சொல்ல முடியாது. நான் என்ன அழுக்காகவா போய்க்கொண்டிருந்தேன்? கஞ்சி போட்ட சட்டை. கத்தி மாதிரி மடிப்பு வைத்த பேண்ட். முகம் பார்க்கலாம் போல பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ. பையில் பேனா, பெல்ட்டில் செல்போன் உறை. பட்டாளம் சொல்லிக்கொடுத்த அத்தனையும் என் உடம்பில் இருந்தது. அத்தனையும் சேர்ந்து என்னை செக்யூரிட்டியாகக் காட்டியது. கூரியர் கொண்டு வருகிறவன் வாரம் ஒரு தடவையாவது, “அண்ணாச்சி, ரிஜிஸ்டர்ல எங்க சைன் பண்ணணும்?” என்று என்னிடமே வந்து நிற்பான்.

குத்துக்கல்வலசையில் புதுசாக வந்த மனைகளில் ஒன்றில் எங்கள் வீடு. நான், மனைவி மீனா, ப்ளஸ் டூ படிக்கிற மகள் அபர்ணா, என் அப்பா. அபர்ணா இதைப் பரீட்சை மாதிரி எடுத்துக்கொண்டாள். ஆபிசில் வயது தெரியாமல் ஸ்டைலாக உடுத்துவது எப்படி என்று செல்லில் தேடி வைத்துக்கொண்டு, என் பீரோவைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எறிந்தாள்.

“கட்டம் போட்ட சட்டை வேண்டாம்ப்பா. மடிப்பு வச்ச பேண்ட் வேண்டவே வேண்டாம். பனியன் தெரியக் கூடாது. தொப்புளுக்கு மேல பெல்ட் போட்டா அம்பது வயசுன்னு எழுதி ஒட்டுன மாதிரி.”

தென்காசியில் கடை கடையாக ஏறி வெளிர்நிறச் சட்டை, கணுக்காலில் நிற்கிற பேண்ட், பழுப்பு ஷூ, வெளியே தெரியாத சாக்ஸ் எல்லாம் வாங்கினோம். முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு இறங்கியபோது அப்பா ஏற இறங்கப் பார்த்தார்.

“என்னலே, பேண்டு காலுக்கு எட்டலையோ?”

அப்பா பெயர் முப்பிடாதி. போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தெட்டு வயது. அம்மா போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அவருக்கும் எனக்கும் பேச்சு குறைவு, மீசை ஒன்று. அவருடையதுதான் எனக்கு வந்திருந்தது, அதே கனம், அதே முறுக்கு. துணியை மாற்றிய பிறகு அந்த மீசைதான் முகத்தில் துருத்திக்கொண்டு நின்றது. பாதி நரை. மை போட்டால் மூன்றாம் நாள் அடியில் வெள்ளையாகக் கோடு விழும். திரும்பவும் போடுவேன். மேலுதடெல்லாம் அரிப்பு. வயதைக் காட்டிக்கொடுக்க மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

எடுத்துவிடலாமே என்றால் எங்கள் பக்கத்தில் அப்படி எடுக்க முடியாது. மீசை வைத்தவன் அதை எடுப்பது அப்பன் செத்தால்தான். கொள்ளி வைக்கிற மகன் மீசையை மழிப்பான். இப்போதெல்லாம் வேலைக்குப் போகிறவர்கள் மொட்டைகூடப் போடுவதில்லை, மீசையை மட்டும் எடுத்துவிட்டுக் காரியம் செய்கிறார்கள். அப்பன் உயிரோடு இருக்கும்போது மழித்த முகத்தோடு அவர் முன்னால் நிற்பது, நீ எப்போது போவாய் என்று கேட்பதற்குச் சமம். எனக்கு இது தெரியாமல் இல்லை. பதினேழு வருடம் வெளியூரில், தினம் முகத்தை முழுசாக மழிக்கிறவர்களோடு இருந்ததில் அதற்குப் பெரிய கனம் இல்லாமல் போயிருந்தது, அவ்வளவுதான்.

கிளையண்ட் வருவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு மூச்சுத்திணறல். தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் லீவு சொன்னேன். ஞாயிறு மாலை மஞ்சு விசாரித்தபோது, ‘சீரியஸ்’ என்று ஒரு வார்த்தை அனுப்பினேன். அப்போது அது உண்மை. திங்கள் காலையில் தெளிந்துவிட்டார். செவ்வாய் சாயங்காலம் இட்லி கேட்டார், டாக்டர் வியாழக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்றார். அதை யாருக்கும் எழுதி அனுப்ப எனக்குத் தோன்றவில்லை.

புதன்கிழமை கிளையண்ட். விடியற்காலை வீட்டில் கண்ணாடி முன்னால் நின்றேன். மீனா ஆஸ்பத்திரியில் இருந்தாள், அபர்ணா தூங்கிக்கொண்டிருந்தாள். ஐந்து நாளாக மை போடாத மீசை வெளுத்துக் கிடந்தது. செந்தில்வேலுக்கே மீசை கிடையாது, அவர் அப்பா நன்றாகத்தானே இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கு மீசை இருந்ததே இல்லை, எனக்கு இருந்து போகிறது. இந்த வித்தியாசம் அப்போது உறைக்கவில்லை. மூன்று நிமிடத்தில் எடுத்துவிட்டேன். உதட்டுக்கு மேலே வெளிறிப்போய், அதுவரை பார்த்திராத இரண்டு சுருக்கங்கள் இருந்தன. பழகிவிடும் என்று வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஆபிஸ் வேனில் ஏறியதும் டிரைவர் அருண்பாண்டி என்னைப் பார்த்தான், பாட்டை நிறுத்தினான். பின்சீட்டில் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அடங்கிப்போனார்கள். ஒரு பையன் எழுந்து எனக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்தான். என் புது முகம் வேலை செய்கிறது என்று நினைத்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்து வந்தேன். அந்த மடத்தனத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னையே அறையத் தோன்றுகிறது.

ஆபிசில் மஞ்சு என்னை மீட்டிங் ரூமுக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். இலஞ்சிக்காரி. அவளுக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. கண் கலங்கியிருந்தது.

“அண்ணாச்சி, அப்பா எப்ப தவறுனாவ?”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏழெட்டுப் பேர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். என்ன நடந்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. நான் சொல்ல வேண்டியது இரண்டே வாக்கியம். அப்பா நன்றாக இருக்கிறார், நாளைக்கு வீட்டுக்கு வருகிறார். பத்து வயது குறையட்டும் என்று நானேதான் மீசையை எடுத்தேன். முதல் வாக்கியம் நாக்கு வரைக்கும் வந்தது. இரண்டாவது வரவில்லை. இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவதைச் சொல்ல முடியாது. அந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்ற பிள்ளைகள் நாளெல்லாம் சொல்லிச் சிரிப்பார்கள்.

“திங்கக்கிழமை காலைல” என்றேன்.

சும்மா தலையைக் குனிந்திருந்தாலாவது துக்கம் என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள் என்று சொல்லலாம். கிழமையைச் சொன்னது நான். என் அப்பாவைக் கொன்றது நான்தான், நாளும் வேளையும் பார்த்து.

மஞ்சு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். “மூணாம் நாளே எதுக்கு அண்ணாச்சி வந்தீய? நீங்க வீட்டுக்குப் போங்க. ப்ரசன்டேஷன நான் பாத்துக்கிடுதேன்.”

போனால் போயிற்று, நாற்காலியும்தான். “இல்லம்மா, நான் பண்ணுதேன்” என்றேன்.

செந்தில்வேல் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்தார். “சார், இதுதான் சார் கமிட்மெண்ட்” என்றார். வந்த கிளையண்ட்டிடமும் அவரே போய்ச் சொல்லியிருக்கிறார். நான் உள்ளே நுழைந்ததும் பெங்களூரிலிருந்து வந்திருந்த இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். ஒருவருக்கு அறுபது இருக்கும். தலை முழுக்க நரை, கசங்கிய சட்டை, பையில் பேனா. அவரை யாரும் வயதைக் குறைக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் இருபது நிமிடம் தடங்கல் இல்லாமல் பேசினேன். முடிந்ததும் அந்த மனிதர் என் தோளைத் தொட்டு, உங்கள் தந்தை புண்ணியம் செய்தவர் என்று ஹிந்தியில் சொன்னார்.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தார். மீனா வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

“ஆபிசுக்காகப்பா” என்றேன். “கொஞ்சம் சின்ன வயசா தெரியணும்னாங்க.”

அவர் ரொம்ப நேரம் என் உதட்டையே பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். வியாழக்கிழமை வீட்டுக்கு வந்த பிறகும் என்னிடம் பேசவில்லை. ஆபிசில் எனக்கு அந்த வாரம் முழுக்க லீவு கொடுத்திருந்தார்கள். அப்பாவைப் பார்த்துக்கொள்ளத்தான் லீவு என்று மீனாவிடம் சொல்லி வைத்தேன். அதில் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மஞ்சு போன் பண்ணினாள்.

“அண்ணாச்சி, துட்டி கேக்க வாரோம். அருண்பாண்டிக்கு வீடு தெரியுமாம். பக்கத்துல வந்துட்டோம், பத்து நிமிசம்.”

சாவு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வருகிறார்கள். வரவேண்டாம் என்று யாரும் யாரிடமும் சொல்ல முடியாது. முன்னறையில் அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, கொஞ்சம் உள் ரூம்ல போய்ப் படுங்களேன்.”

“எதுக்குலே?” மூன்று நாளில் முதல் பேச்சு அது.

“ஆபிசுல இருந்து ஆளுங்க வாராங்க.”

“வரட்டும். நான் என்ன, கடிச்சா வைக்கப்போறேன்?”

வேறு வழியில்லாமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டேஷனில் வாக்குமூலம் வாங்குகிற மாதிரி குறுக்கே பேசாமல் கேட்டார். மீனா சமையலறை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அபர்ணா அழ ஆரம்பித்தாள். சொல்லி முடித்ததும் அப்பா ஒன்றே ஒன்று கேட்டார்.

“எந்தக் கிழமைன்னு சொன்ன?”

“திங்கக்கிழமை.”

“ம்” என்றார். பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவர் என்ன செய்யப்போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. வேன் வந்து நின்றது.

ஏழு பேர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தம் இல்லாமல் உள்ளே வந்தார்கள். மஞ்சு கையில் வாழை இலையில் சுற்றிய ரோஜா மாலை. அவள் நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“வாங்க தாயி, உக்காருங்க” என்றார் அப்பா. “நான் இவனுக்குப் பெரியப்பா. போனது என் தம்பி.”

குரலில் ஒரு நடுக்கம் இல்லை. முப்பத்தைந்து வருடம் கோர்ட்டில் சாட்சி சொல்லிப் பழகிய குரல். பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

“அவியளுக்கு எத்தனை வயசு தாத்தா?” என்றாள் மஞ்சு.

“எழுவத்தஞ்சு. எனக்கு மூணு வயசு எளையவன்.”

“ரொம்பக் கஷ்டப்பட்டாவளா?”

“இல்லம்மா. ஒரு நொடிதான். கூட இருந்த மவன் ஒரு வார்த்த சொன்னான், உசுரு போயிட்டு.”

சுவரைப் பிடித்துக்கொண்டேன். ஒரு பையன் எழுந்து என்னைத் தாங்கி, “அழுதுருங்க அண்ணாச்சி” என்றான். மஞ்சு மாலையைப் பிரித்துக்கொண்டு, படம் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். அதை நான் யோசிக்கவே இல்லை. அப்பா கையைத் தூக்கிக் காட்டினார். போலீஸ் உடுப்பில், தொப்பியும் முறுக்கிய மீசையுமாக, இருபத்தைந்து வயதில் அவர் எடுத்துக்கொண்ட படம் சுவரில் இருந்தது.

“அந்தா இருக்கான் பாரு. அதுல போடு தாயி.”

மஞ்சு ஸ்டூலில் ஏறி மாலையைப் போட்டாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம், “செம ஸ்டைலா இருந்திருக்காருல்ல” என்று கிசுகிசுத்தாள். அது அப்பா காதில் விழுந்தது.

“ஆமா தாயி, ஆளு சோக்கா இருப்பான். வேலைக்குக் கெளம்புனா உடுப்புல ஒரு சுருக்கம் இருக்காது. மீசைக்கு மட்டும் கால் மணி நேரம் ஆவும். மவனுக்கும் அதே மீசைதான். பிள்ளை பொறந்தன்னைக்கே, இவன் மூஞ்சில என் மீசை வரும் பாருன்னு சொல்லிட்டிருந்தான்.”

பத்து நிமிடம் இருந்துவிட்டு எழுந்தார்கள். துட்டி வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது. யாரும் எதுவும் சொல்லாமல் ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். வேன் தெரு திரும்பியதும் மீனா ஓடிப்போய் மாலையில் கை வைத்தாள்.

“தொடாத” என்றார் அப்பா. “மாமா, உசுரோட இருக்கவங்க படத்துல...” என்று அவள் அழுதாள். “செத்தவன் படத்துல மாலை கெடக்கணும்ளா. கெடக்கட்டும்” என்றார்.

நான் அவர் காலடியில் விழுந்தேன். “அப்பா, என்ன மன்னிச்சிருங்கப்பா.”

“யாருலே அப்பா? பெரியப்பான்னு கூப்பிடு. பொய்யச் சொன்னா ஒழுங்காச் சொல்லணும். ஆளுக்கு ஒண்ணா மாத்திச் சொன்னா மாட்டிக்கிடுவ.”

கோபமாகச் சொல்லவில்லை. ஸ்டேஷனில் புதிதாகச் சேர்ந்த போலீஸ்காரனுக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

அன்று சாயங்காலம் ஆபிஸ் குரூப்பில் படங்கள் வந்தன. துட்டிக்குப் போனால் குளிக்காமல் வீட்டுக்குள் நுழைய மாட்டார்கள். சாரல் விழுகிற மாதம் வேறு. வேனை அப்படியே ஐந்தருவிக்கு விட்டிருக்கிறார்கள். நனைந்த தலையோடு ஏழு பேரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் வரவில்லை. அந்த வயதை எனக்குக் கொடுங்கள் என்றுதானே இத்தனையும் செய்தேன்.

அப்பா நாளை எண்ணி வைத்திருந்தார். பதினாறாம் நாள் காலையில் மீனாவைக் கூப்பிட்டு, “இன்னைக்கோட காரியம் முடியுது. வீட்டக் கழுவி விடு” என்றார். அவள் அழுதுகொண்டே கழுவினாள். அதன் பிறகு அவர் சாதாரணமாகத்தான் இருந்தார். சாப்பிட்டார், மாத்திரை கேட்டு வாங்கினார், என்னிடம் பேசவும் செய்தார். ஆனால் அபர்ணாவிடம், “உங்க தாத்தா இருந்தப்போ” என்று பேச ஆரம்பித்தார். நாங்கள் திருத்திப் பார்த்தோம். காதில் விழாத மாதிரி இருந்துவிடுவார். எனக்கு மீசை முளைத்து வந்தது, முன்னைவிட வெள்ளையாக. நான் மை போடவில்லை. அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மாதக் கடைசியில் கன்ஃபர்மேஷன் கடிதம் வந்தது. செந்தில்வேல் கைப்படக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நீட்டினேன். “பெர்மனென்ட் ஆயிட்டுப்பா” என்றதில் ‘அப்பா’ வாய் தவறி வந்துவிட்டது. அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார், கண்ணாடியை மாட்டினார், ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்துப் படித்தார். தந்தையை இழந்த மூன்றாம் நாளே பணிக்கு வந்த அர்ப்பணிப்பு என்று ஆங்கிலத்தில் ஒரு வரி அதில் இருந்தது. அந்த வரியிலும் விரல் நிற்காமல் போயிற்று. படித்து முடித்து, மடித்து, என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

“நல்ல வேலைலே. விட்டுராத.”

“எல்லாம் உங்களாலதான்” என்றேன்.

“எங்கிட்ட எதுக்குக் காட்டுத? அங்கன போயி உங்க அப்பன்ட்ட காட்டு. சந்தோசப்படுவான்.”

நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் விடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“போலே.”

எழுந்தேன். ரோஜாவெல்லாம் கறுத்து உதிர்ந்து, நார் மட்டும் தொங்கிய அந்தப் படத்துக்கு முன்னால் கடிதத்தைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார்.